மைக் சிங்கிள்டரி: பிளேயரா லெஜண்ட், கோச்சா உண்மையிலயே தோல்வியா?

கேட்ட கேள்வி இதுதான்: "மைக் சிங்கிள்டரி லைன்பேக்கரா லெஜண்ட், கோச்சா படுதோல்வினு எங்க பாத்தாலும் சொல்றாங்க. களத்துல அவ்வளவு மூளையோட ஆடுன ஆளு ஏன் கோச்சா ஜெயிக்கல? நான் இப்பதான் அமெரிக்கன் ஃபுட்பால் பாக்க ஆரம்பிச்சிருக்கேன், கொஞ்சம் விவரமா சொல்லுங்க. அவர் ஆடுன மேட்ச்ல எத முதல்ல பாக்கலாம்?"

முதல்லயே சொல்லிடறேன், "படுதோல்வி"ங்கற வார்த்தைய நான் ஒத்துக்க மாட்டேன். ஹெட் கோச்சா அவரோட கணக்கு 18 வெற்றி, 22 தோல்வி, அது சுமார்தான், அதுல மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா லைன்பேக்கர்களுக்கு சொல்லிக்குடுக்கற கோச்சா அவரு இருந்த இடத்துலலாம் நல்ல விளைச்சல் இருந்துச்சு. ரெண்டும் வேற வேற வேலை, அத ஒண்ணா போட்டு குழப்பிக்கறதாலதான் இந்த பேரு வந்துச்சுனு நினைக்கறேன்.

புதுசா பாக்கறதால மிடில் லைன்பேக்கர்னா என்னன்னு ரெண்டு வரி. டிஃபென்ஸ்ல, அதாவது எதிர் டீம தடுக்கற பக்கத்துல, முன் வரிசைல குனிஞ்சு நிக்கற தடியன்களுக்கு நாலஞ்சு கெஜம் பின்னாடி, நட்டநடுவுல நிக்கறவரு. பந்து எந்தப் பக்கம் போகும்னு அந்த ஆள்தான் முதல்ல மோப்பம் பிடிக்கணும், எதிர் டீம் நிக்கற தினுச பாத்து தன் டீம்ல மத்த 10 பேரயும் இங்க நகரு அங்க நில்லுனு கத்தி மாத்தி நிறுத்தணும், பந்து கைமாறுன அடுத்த நொடி தானே ஓடிப்போய் ஆள மடக்கவும் செய்யணும். கோச்சுங்க பேச்சு வழக்குல இந்த இடத்துக்கு பேரே "மைக்"தான். அந்த இடத்துல மைக்னே பேரு வெச்ச ஒருத்தர் 12 வருஷம் நின்னாரு, அது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

சிங்கிள்டரி பொறந்தது 1958, டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன்ல. பத்து பிள்ளைங்கள்ல கடைக்குட்டி. அப்பா பாதிரியாரு, ரொம்ப கண்டிப்பான குடும்பம், சின்ன வயசுல ஃபுட்பால் ஆடவே விடல. அவருக்கு 12 வயசு இருக்கும்போது அப்பா குடும்பத்த விட்டுட்டு போயிட்டாரு, அதுக்கப்பறம் கொஞ்ச காலத்துலயே கூடப்பொறந்த அண்ணன் ஒருத்தர் குடிச்சிட்டு வண்டி ஓட்டுன ஒருத்தனால கார் விபத்துல செத்துப்போனாரு. அந்த இடிஞ்சு போன நேரத்துல அம்மாதான் இனிமே இந்த வீட்டுக்கு நீதான் ஆம்பளன்னு சொல்லி அவர தூக்கி நிறுத்துனாங்க. அப்ப ஒரு பேப்பர்ல வாழ்க்கைல செய்ய வேண்டியத வரிசையா எழுதி செவுத்துல ஒட்டி வெச்சிருக்காரு, ஸ்காலர்ஷிப் வாங்கணும், டிகிரி முடிக்கணும், அமெரிக்காவோட பெரிய ப்ரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல் போகணும், அம்மாவுக்கு வீடு வாங்கித் தரணும்னு. இத அவரே பல மேடைல சொல்லியிருக்காரு. பின்னாடி கோச்சா அவரு பிளேயர்கள்ட்ட பேசுன விதம் புரியணும்னா இந்த பேப்பர் ஞாபகத்துல இருக்கணும், அதனாலதான் சொல்றேன். மனசு வெச்சா முடியும்ங்கறது அவருக்கு போஸ்டர் வாசகம் இல்ல, அப்படித்தான் அவரு உயிர் பொழைச்சு வந்திருக்காரு.

காலேஜ் ஃபுட்பால் பேய்லர் யூனிவர்சிட்டில, கிராண்ட் டீஃப்ங்கற கோச்கிட்ட. அங்க இருந்த காலத்துல ஆள முட்டி முட்டி 16 ஹெல்மெட் உடைச்சாருன்னு ஹால் ஆஃப் ஃபேம்ல (ஜாம்பவான்கள கௌரவிக்கற இடம்) இருக்கற அவரோட குறிப்புலயே எழுதியிருக்கு. இப்ப தலைக்காயம் பத்தி நமக்குத் தெரிஞ்சத வெச்சுப் பாத்தா அந்த எண்ண படிக்கவே வயித்த கலக்குது, ஆனா அன்னிக்கு அத பெருமையா சொன்னாங்க. இவ்வளவு ஆடியும் 1981 டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் பசங்கள டீம்கள் வரிசையா எடுக்கற நிகழ்ச்சில, முதல் ரவுண்டுல யாரும் எடுக்கல. ஆறடிதான் உயரம், மிடில் லைன்பேக்கருக்கு பத்தாதுன்னு நினைச்சாங்க. ரெண்டாவது ரவுண்டுல, மொத்தத்துல 38வது ஆளா சிகாகோ பேர்ஸ் எடுத்தாங்க. முதல் வருஷத்துலயே 7வது மேட்ச்லேர்ந்து ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டம் தொடங்கும்போதே இறங்கற ஆளு.

இங்கதான் கதைல பட்டி ரையன் வராரு. பேர்ஸோட டிஃபென்ஸ் கோச். வாய் திறந்தா திட்டுதான், புதுப் பசங்கள பேரு சொல்லிக்கூட கூப்பிட மாட்டாரு, சிங்கிள்டரி அவருக்கு வெறும் "50", அதாவது ஜெர்சி நம்பர். எதிர் டீம் பாஸ் போடப்போற நேரமெல்லாம் இவர வெளிய கூப்பிட்டு உக்கார வெச்சிருவாரு, ஏன்னா ஓடிவரவன மடக்கத்தான் நீ லாயக்கு, பாஸ தடுக்க உனக்கு வேகம் பத்தாதுன்னு எண்ணம். சிங்கிள்டரிக்கு இது பெரிய அவமானம். என்ன பண்ணாருன்னா, உடம்பு எடைய குறைச்சாரு, மணிக்கணக்கா ஃபிலிம் போட்டு பாத்தாரு, திரும்ப திரும்ப போய் என்ன உள்ளயே வையுங்கன்னு நின்னாரு. கடைசில ஒரு டவுன்கூட (டவுன்னா பந்த முன்னெடுக்கற ஒரு முயற்சி) வெளிய வராத ஆளா மாறிட்டாரு, அதே ரையன் மொத்த டிஃபென்ஸோட சாவியயும் இவர் கைல குடுத்தாரு. கடுமையா நடத்துன ஒரு கோச்சால உருப்பட்டவரு, நாமளும் அப்படியே நடத்துனா எல்லாரும் உருப்படுவாங்கன்னு நம்பறது இயல்புதான். இத குறிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

ரையன் உருவாக்குனதுதான் "46 டிஃபென்ஸ்". நிறைய பேரு நாலு பேரு முன்னாடி ஆறு பேரு பின்னாடின்னு நினைச்சுக்கறாங்க, அது தப்பு. டக் பிளாங்க்னு ஒரு சேஃப்டி, அதாவது கடைசி வரிசைல நிக்கற தடுப்பு ஆளு, அந்த டீம்ல இருந்தாரு, அவரோட ஜெர்சி நம்பர் 46, அவர பின்னாடி இருந்து முன்னாடி இழுத்துட்டு வந்து நிறுத்துனதால அந்த பேரு. விஷயம் என்னன்னா எட்டு பேரு பந்துக்கு பக்கத்துல குவிஞ்சிருவாங்க, எதிர் டீமோட முன் வரிசைல நடுவுல நிக்கற சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் நிக்கற ரெண்டு கார்டு இந்த மூணு பேரு மூக்குக்கு நேரா ஆளுக்கொரு லைன்மேன் நிப்பாரு. அந்த மூணு பேரும் தன் முன்னாடி நிக்கறவன சமாளிக்கவே நேரம் சரியா இருக்கும், மிடில் லைன்பேக்கர வந்து தடுக்க யாரும் மிச்சமிருக்க மாட்டாங்க. சிங்கிள்டரி தடையே இல்லாம பந்த நோக்கி பாயலாம். ஆனா இதுல ஆபத்தும் அதிகம், பின்னாடி ஆளே இல்ல, ஒரு தடவ தப்பா கணிச்சா நேரா டச்டவுன்தான், அதாவது எதிர் டீம் எல்லை வரைக்கும் பந்த கொண்டுபோய் 6 புள்ளி எடுத்துரும். அதனால பந்து வர்றதுக்கு முந்தின சில நொடில நடுவுல நிக்கறவரு சரியா படிச்சு சத்தம் போட்டு மாத்தியே ஆகணும். அவரோட அந்த கண்ணு, அப்படியே பிதுங்கி வெளிய வந்துரும் போல விரிஞ்சு நிக்கும், ஹெல்மெட் கம்பிக்கு பின்னாடி அந்த ரெண்டு கண்ண மட்டும் போட்டோ எடுத்து வெச்சாலும் ஆளு யாருன்னு சொல்லிரலாம்.

1985 சீசன்ல பேர்ஸ் 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, அது மயாமி டால்ஃபின்ஸ்கிட்ட. பிளேஆஃப்ல, அதாவது தோத்தா வெளியங்கற சுற்றுல, ஜயன்ட்ஸ 21-0, ராம்ஸ 24-0ன்னு ரெண்டு டீமையும் ஒரு புள்ளிகூட எடுக்க விடாம அனுப்புனாங்க. இறுதிப்போட்டியான சூப்பர் பௌலுக்கு முந்தின ராத்திரி நியூ ஆர்லியன்ஸ் ஹோட்டல்ல டிஃபென்ஸ் மீட்டிங், அந்த மேட்ச்சோட ரையன் டீம விட்டுப் போறாருன்னு எல்லாருக்கும் ஓரளவு தெரியும், அந்த கல்நெஞ்சுக்காரரு கண் கலங்கி நாளைக்கு என்ன ஆனாலும் நீங்கதான் என் ஹீரோன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. அந்த வேகத்துல ஸ்டீவ் மெக்மைக்கேல் ஒரு சேர தூக்கி கரும்பலகைல எறிஞ்சாரு, டேன் ஹாம்ப்டன் ப்ரொஜெக்டர அடிச்சு நொறுக்குனாரு. மறுநாள் 1986 ஜனவரி 26, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ 46-10ன்னு துவைச்சாங்க, அவங்க மேட்ச் முழுக்க ஓடி எடுத்த கெஜம் வெறும் 7. சிங்கிள்டரி கீழ விழுந்த பந்த ரெண்டு தடவ கைப்பத்துனாரு. அந்த வருஷம் லீக்லயே சிறந்த டிஃபென்ஸ் பிளேயர் விருது அவருக்குத்தான்.

ரையன் போனதுக்கப்பறமும் இவரோட ஆட்டம் குறையல, அது முக்கியம். ஏன்னா 46 இல்லாட்டி இவரு இல்லன்னு சொல்றவங்க இருந்தாங்க. 1988ல வேற கோச், வேற ஸ்கீம், பக்கத்துல ஆடுன வில்பர் மார்ஷலும் வாஷிங்டன் போயாச்சு, அந்த வருஷம் மறுபடியும் அதே விருத வாங்குனாரு. 1990ல டென்வருக்கு எதிரா ஒரே மேட்ச்ல தனியா 10, கூட சேந்து 10ன்னு மொத்தம் 20 டாக்கிள், அதாவது பந்தோட வர்ற ஆள மடக்கி வீழ்த்துனது. 12 சீசன்ல ரெண்டே ரெண்டு மேட்ச்தான் ஆடல. லீக்கோட ஆல்-ஸ்டார் மேட்ச்சான ப்ரோ பௌலுக்கு 10 தடவ தேர்வு. 1992ல ஓய்வு, 1998ல ஹால் ஆஃப் ஃபேம்.

இனி கோச் கதை.

ஓய்வுக்கப்பறம் பத்து வருஷம் அவரு கோச்சிங் பக்கமே வரல. குடும்பம், ஏழு பிள்ளைங்க, ஊர் ஊரா மேடைப்பேச்சு, இதுதான். 2003ல, 44 வயசுல, பால்டிமோர் ரேவன்ஸ்ல லைன்பேக்கர் கோச்சா முதல் வேலை. அங்க இருந்த லைன்பேக்கர் ரே லூயிஸ். ஏற்கனவே உச்சத்துல இருந்த ஆளு, அவருக்கு இவரு கத்துக்குடுத்தாருன்னு சொன்னா அது மிகை, ஆனா அந்த வருஷம் லூயிஸ் ரெண்டாவது தடவையா சிறந்த டிஃபென்ஸ் பிளேயர் ஆனாரு. 2005ல மைக் நோலன் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் ஹெட் கோச் ஆனப்ப இவரயும் கூட்டிட்டு போனாரு. 2007ல அந்த டீம் பேட்ரிக் வில்லிஸ்னு ஒரு லைன்பேக்கர் பையன எடுத்தாங்க, வந்த முதல் வருஷத்துலயே சிறந்த புதுமுக டிஃபென்ஸ் பிளேயர், பின்னாடி 2024ல அவரும் ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டாரு. அந்த வில்லிஸுக்கு ஆரம்பத்துல தினமும் பக்கத்துல நின்னவரு சிங்கிள்டரி. இதெல்லாம் "படுதோல்வி" கணக்குல யாரும் சேக்கறதே இல்ல.

2008 அக்டோபர்ல நோலன நடு சீசன்ல தூக்கிட்டு சிங்கிள்டரிய தற்காலிக ஹெட் கோச்சா போட்டாங்க. முதல் மேட்ச் அக்டோபர் 26, சியாட்டல் சீஹாக்ஸோட, சொந்த ஊர்ல. ஹாஃப் டைம்ல டீம் கேவலமா ஆடுதுங்கறத காட்டறதுக்காக லாக்கர் ரூம்ல பேன்ட்ட கழட்டி பாக்ஸரோட நின்னு பேசுனாருன்னு பின்னாடி செய்தி வந்து அது நிஜம்னும் ஆச்சு. அத வெச்சு இன்னிக்கு வரைக்கும் அவர கேலி பண்றாங்க. எனக்கு அத கேக்கும்போது சிரிப்பு வரல, ஒரு மனுஷன் என்ன பண்ணா இவங்களுக்கு உறைக்கும்னு தவிச்சிருக்காருன்னுதான் தோணுது.

அதவிட முக்கியம் மூணாவது குவார்ட்டர்ல நடந்தது. வெர்னான் டேவிஸ், டைட் எண்ட் (பாஸும் பிடிச்சு, எதிர் ஆள தடுக்கவும் செய்யற இடம்), 2006 டிராஃப்ட்ல 6வது ஆளா எடுத்த பையன், உடம்புல இல்லாத திறமையே இல்ல, ஆனா தலைக்கனம். ஒரு சின்ன பாஸ பிடிச்சிட்டு, ஆட்டம் நின்னதும் எதிர் டீம் ஆளோட முகமூடிய கையால தட்டிட்டாரு, 15 கெஜம் அபராதம். சிங்கிள்டரி கூப்பிட்டு பேசுனாரு, டேவிஸ் அலட்சியமா உக்காந்திருக்காரு, உடனே நீ குளிச்சிட்டு கிளம்புன்னு மேட்ச் நடுவுல உள்ள அனுப்பிட்டாரு. மேட்ச் 34-13ல தோத்தாச்சு. அப்பறம் ரிப்போர்ட்டர்கள் முன்னாடி வந்து, டீமுக்காக முழுசா குடுக்காத ஒருத்தன வெச்சு 11 பேரோட ஆடறதவிட 10 பேரோட ஆடி அபராதம் வாங்கிக்கறேன், அப்படிப்பட்டவங்களோட என்னால ஆட முடியாது, ஜெயிக்க முடியாது, கோச் பண்ண முடியாது, எனக்கு ஜெயிக்கணும்னு நினைக்கறவங்கதான் வேணும்னு அந்த கண்ண விரிச்சு பேசுனாரு. வீடியோ எல்லா இடத்துலயும் இருக்கு, நிறைய பேருக்கு சிங்கிள்டரின்னா அந்த ரெண்டு நிமிஷம்தான் தெரியும்.

ஆனா அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுங்கறத சேத்து பாக்கணும். அந்த 2008 சீசன்ல இவரு பொறுப்புல டீம் 5 ஜெயிச்சு 4 தோத்துச்சு, நிரந்தர வேலை கிடைச்சுது. டேவிஸ் மாறுனாரு, நிஜமாவே மாறுனாரு. 2009ல 13 டச்டவுன், ஒரு டைட் எண்டுக்கு அன்னிக்கு இருந்த லீக் ரெக்கார்டுக்கு சமம். அந்த நாள்தான் என்ன மாத்துச்சுன்னு டேவிஸே பல வருஷம் கழிச்சும் நன்றியோட சொல்லிட்டு இருந்தாரு, பின்னாடி டென்வர் டீம்ல இருந்து சூப்பர் பௌலும் ஜெயிச்சாரு. பட்டி ரையன் 50க்கு பண்ணத 50 இங்க டேவிஸுக்கு பண்ணியிருக்காரு, பலிச்சிருச்சு.

பிரச்சனை என்னன்னா அது ஒரு ஆளுக்கு பலிச்ச மருந்து. குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பாஸ் போட்டு ஆட்டத்த நடத்தறவருக்கு, அது வேலை செய்யாது. 2009ல 8-8, அதாவது 8 வெற்றி, 8 தோல்வி. 2010ல எல்லாரும் இவங்கதான் தங்களோட டிவிஷன்ல (லீக்ல நாலு டீம் சேந்த பிரிவு) ஜெயிப்பாங்கன்னு எதிர்பாத்தாங்க, ஆரம்பமே அஞ்சு மேட்ச் வரிசையா தோல்வி. மூணாவது தோல்வியோட அஃபென்ஸ் (பந்த முன்னெடுத்து புள்ளி எடுக்கற பக்கம்) கோச் ஜிம்மி ரேய வேலைய விட்டு எடுத்தாரு. அஞ்சாவது மேட்ச்ல, ஊரே பாக்கற ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆட்டத்துல, சைடுலைன்ல நின்னு குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்த கத்தறாரு, அவரும் திருப்பி கத்தறாரு. அப்பறம் ட்ராய் ஸ்மித், திரும்ப அலெக்ஸ், திரும்ப ட்ராய்னு மாத்தி மாத்தி. அந்த வருஷம் அந்த டிவிஷன் எவ்வளவு பலவீனம்னா சியாட்டல் 7-9 வெச்சு ஜெயிச்சாங்க, அதனால டிசம்பர் கடைசி வரைக்கும் இவங்களுக்கும் வாய்ப்பு இருந்துச்சு. டிசம்பர் 26, ராம்ஸ்கிட்ட 25-17 தோல்வி, அன்னிக்கும் ரெண்டு ஸ்மித்தயும் மாத்தி மாத்தி இறக்குனாரு, அன்னிக்கு ராத்திரியே வேலை போச்சு.

அடுத்த வருஷம்தான் அவரோட பேர நிரந்தரமா கெடுத்துச்சு. ஜிம் ஹார்பா வந்தாரு, ஏறக்குறைய அதே ஆளுங்க, அதே அலெக்ஸ் ஸ்மித், 13-3. சூப்பர் பௌலுக்கு ஒரு மேட்ச் பாக்கில, ஜயன்ட்ஸ்கிட்ட ஓவர்டைம்ல தோத்தாங்க. ஹார்பா முன்னாள் குவார்ட்டர்பேக், ஸ்மித்துக்கு என்ன வேணும்னு அவருக்கு தெரிஞ்சிருந்துச்சு, எளிமையான பாஸ், சரியான திட்டம், முதுகுல தட்டிக்குடுக்கற ஒரு ஆளு. திறமை இல்லாத டீம் இல்ல அதுன்னு ஒரே வருஷத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இதுக்கு சிங்கிள்டரி பக்கம் நின்னு என்னால ஒரு சமாதானமும் சொல்ல முடியாது.

ஆனா ஏன்னு கேட்டீங்களே, என் கணிப்ப சொல்றேன். லைன்பேக்கர்ங்கறதால தோக்கல. லைன்பேக்கரா இருந்து நல்ல ஹெட் கோச் ஆனவங்க நிறைய பேரு. பில் கௌவர் லைன்பேக்கர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு கோச்சா இருந்து சூப்பர் பௌல் ஜெயிச்சாரு. மைக் வ்ரேபல் லைன்பேக்கர், டென்னசி டைட்டன்ஸ்ல 2021ல ஆண்டின் சிறந்த கோச். டெமிக்கோ ரையன்ஸ் லைன்பேக்கர், தான் ஆடுன ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கே 2023ல ஹெட் கோச்சா வந்து முதல் வருஷமே 10-7. இவங்க மூணு பேரு கதையயும் பக்கத்துல வெச்சு பாருங்க. கௌவர் ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்த உதைக்கற ஆட்டங்களுக்கான கோச்சா ஆரம்பிச்சு மேல வந்தாரு. வ்ரேபல் ஓய்வு வாங்கின கையோட ஒஹையோ ஸ்டேட் காலேஜ்ல லைன்பேக்கர் கோச், அப்பறம் டெக்சன்ஸ்ல அதே வேலை. ரையன்ஸ் ஆரம்பிச்சது அதவிட கீழ, ஃபிலிம வெட்டி ஒட்டி குறிப்பெடுத்துக் குடுக்கற உதவியாளர் வேலை. மூணு பேருமே ஹெட் கோச் ஆகறதுக்கு முன்னாடி கோஆர்டினேட்டர், அதாவது மொத்த டிஃபென்ஸுக்கும் வாரா வாரம் திட்டம் போட்டு, மேட்ச் அன்னிக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முடிவு எடுத்து, அடி வாங்கி கத்துக்கற அந்த வேலைல இருந்தவங்க. சிங்கிள்டரி அந்த படிய மிதிக்கவே இல்ல. லைன்பேக்கர் கோச்லேர்ந்து நேரா, அதுவும் நடு சீசன்ல, 53 பேரு இருக்கற டீமோட தலைல உக்கார வெச்சிட்டாங்க.

இன்னொண்ணு, ஹெட் கோச்சுக்கு எல்லாம் தெரியணும்னு அவசியமில்ல, தனக்கு தெரியாத பக்கத்துக்கு சரியான ஆள போடத் தெரிஞ்சா போதும். டெமிக்கோ ரையன்ஸ் தன் பக்கம் டிஃபென்ஸ வெச்சுக்கிட்டு, புது குவார்ட்டர்பேக் பையன் சி.ஜே. ஸ்ட்ரௌட வளக்கறத அஃபென்ஸ் ஆளுங்ககிட்ட விட்டாரு. சிங்கிள்டரி போட்ட ஜிம்மி ரே பழைய காலத்து ஆளு, ஓடு, முட்டு, திரும்ப ஓடுங்கற அஃபென்ஸ். அது சிங்கிள்டரிக்கு பிடிச்ச ஃபுட்பால், 1985ல பேர்ஸ்ல வால்டர் பேட்டன் பந்தோட ஓடுனாரு, அந்த டிஃபென்ஸ் பின்னாடி இருந்துச்சு, செல்லுபடியாச்சு. 2010ல லீக் முழுக்க பாஸுக்கு மாறியிருந்துச்சு. எதிர் குவார்ட்டர்பேக் மனச 12 வருஷம் கண்ணாலயே படிச்ச மனுஷன், தன் குவார்ட்டர்பேக் மனச படிக்கல, எனக்கு இதுல உள்ள வருத்தமே அதுதான்.

அதுக்கப்பறம் நடந்தத வேகமா சொல்லிடறேன். 2011லேர்ந்து மூணு வருஷம் மின்னசோட்டா வைக்கிங்ஸ், பழைய பேர்ஸ் நண்பர் லெஸ்லி ஃப்ரேசியர்கிட்ட. 2016ல ராம்ஸ், இன்னொரு பழைய பேர்ஸ் ஆளு ஜெஃப் ஃபிஷர்கிட்ட. 2018, 2019 ரெண்டு வருஷம் டெக்சாஸ்ல ஒரு ஸ்கூல் டீமுக்கு ஹெட் கோச், ரெண்டு சீசன்லயும் சேத்து ஒரே ஒரு வெற்றி. இடைல 2019ல அலையன்ஸ்னு புதுசா வந்த லீக்ல மெம்ஃபிஸ் எக்ஸ்பிரஸ் டீம், அங்கயும் அதே குவார்ட்டர்பேக் தலைவலி, 8 மேட்ச்ல 2 வெற்றி, அந்த லீக்கே சீசன் முடியறதுக்குள்ள இழுத்து மூடிட்டாங்க. ஹால் ஆஃப் ஃபேம்ல சிலை இருக்கற மனுஷன் அறுபது வயசுல ஸ்கூல் பசங்களுக்கு சொல்லிக்குடுக்க போறாருன்னா அதுக்கு காசோ புகழோ காரணமா இருக்காது, அந்த தோல்விக் கணக்க போட்டு கிண்டல் பண்றவங்க இத ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

சரி, எந்த மேட்ச். எல்லாரும் சூப்பர் பௌல சொல்வாங்க, அது ஒருபக்க ஆட்டம், அரை மணி நேரத்துல முடிஞ்சு போன மாதிரி இருக்கும். 1986 ஜனவரி 12, சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட், ராம்ஸோட ஆடுன மேட்ச்ச பாருங்க. ராம்ஸ் கைல எரிக் டிக்கர்சன், அதுக்கு முந்தின வாரம்தான் டல்லஸுக்கு எதிரா 248 கெஜம் ஓடி பிளேஆஃப் ரெக்கார்ட் வெச்சிட்டு வந்திருக்காரு. இங்க அவரால எடுக்க முடிஞ்சது 46. முதல் தடவ முழுக்க பந்தயே பாக்காதீங்க, 50ஆம் நம்பர மட்டும் பாருங்க, பந்து வர்றதுக்கு முன்னாடி எப்படி ரெண்டு பக்கமும் ஓடி கைய ஆட்டி கத்தி ஆளுங்கள மாத்தறாரு, டிக்கர்சன் திரும்பற இடத்துக்கு இவரு முன்னாடியே எப்படி போய் நிக்கறாருன்னு. அதுல டிக்கர்சன் நடுவுல புகுந்து வரும்போது நேருக்கு நேர் மோதி அந்த இடத்துலயே நிறுத்துன ஒரு டாக்கிள் இருக்கு, தவற விட்றாதீங்க. கடைசி குவார்ட்டர் வரைக்கும் பொறுமையா பாருங்க, பனி கொட்ட ஆரம்பிக்கும், வில்பர் மார்ஷல் கீழ விழுந்த பந்த எடுத்துட்டு அந்த பனிக்குள்ள 52 கெஜம் ஓடுவாரு.